எண்ணிக்கைக்குள் வராத உடல்: மூளை முடக்குவாதக் குழந்தைகளும் 'வளக்குறைவு' என்ற சொல்லும்

1

தமிழில் நோய்க்குப் பெயர் வைப்பதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அசைவு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் 'வாதம்' என்ற ஒரே கொடியில் காயப்போடுவோம். ஒரு பக்கம் விழுந்துபோனால் பக்கவாதம். மூட்டு வீங்கி மடக்க முடியாமல் போனால் முடக்குவாதம். போலியோ வந்தபோது அது இளம்பிள்ளை வாதம் ஆயிற்று. 'செரிப்ரல் பால்ஸி' என்ற பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் வரத் தொடங்கிய பிறகு அதற்கும் ஒரு வாதம் தேவைப்பட்டது. பெருமூளை வாதம் என்றார்கள் சிலர். அரசாணைகளில் மூளை முடக்குவாதம் என்று நிலைத்துவிட்டது.

இந்தப் பெயரில் ஒரு விபத்து நடந்திருக்கிறது. 'மூளை' என்று சொன்னவுடனே கேட்கிறவர் புத்தியைப் பற்றிய தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார். "அதுக்கு மூளை வளர்ச்சி இல்லைங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது இந்தச் சொல்லின் வழியாகத்தான். உண்மையில் நடப்பது என்ன? வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஒரு சேதம் ஏற்படுகிறது. அந்தச் சேதம் மேற்கொண்டு வளர்வதில்லை. அது அசைவையும் உடல் நிற்கும், உட்காரும் நிலையையும் பாதிக்கிறது. சிலருக்குத் தசை விறைக்கிறது, சிலருக்கு அசைவு கட்டுக்குள் நிற்பதில்லை, சிலருக்குச் சமநிலை தப்புகிறது. வலிப்பு, காது, கண், அறிவுவளர்ச்சி சம்பந்தப்பட்ட சிக்கல்கள் சேர்ந்து வரலாம். வராமலும் இருக்கலாம். பேச்சு குழறுவதால் மட்டுமே அறிவில்லாதவர் என்று முத்திரை விழுந்தவர்கள் உண்டு.

ஆங்கிலத்திலும் கதை இதேதான். அங்கே 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல் பள்ளிக்கூட மைதானத்தில் வசவாக மாறியது. 1952இல் லண்டனில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1994இல் தன் பெயரையே 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னையில் 1985இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, மெட்ராஸ் என்ற அமைப்பு 1998இல் 'வித்யாசாகர்' ஆயிற்று.

பெயரை மாற்றிவிடலாம். ஆனால் இந்தக் குழந்தைகளைச் சூழ்ந்திருக்கும் இன்னொரு சொல்லை யாரும் மாற்ற யோசிப்பதில்லை. சர்வதேச அறிக்கைகளிலிருந்து நம் கருத்தரங்குகளுக்கு இறங்கிவந்த 'வளம் குறைந்த சூழல்' என்பதே அந்தச் சொல். ஏதோ மழை குறைந்த வட்டாரம் என்று சொல்வதுபோல இதைச் சொல்கிறார்கள். வளக்குறைவு பூகோளம் அல்ல, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதே இங்கே சொல்லவருவது. ஒவ்வொரு நிறுவனமும் இந்தக் குழந்தையிடம் இல்லாத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டது. அளவுக்குள் வராத மிச்சத்தை வீட்டுக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் அம்மாவின் இடுப்புக்கு, அனுப்பிவைத்தது.

2

முதல் அளவுகோல் 'காரணம்'. 1861இல் லண்டன் மகப்பேறு சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை படித்தார். கஷ்டமான பிரசவம், குறைமாதம், பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் பின்னால் வரும் கைகால் விறைப்புக்கும் உறவு உண்டு என்றார். நோய்க்கு லிட்டிலின் நோய் என்றே பெயர் வந்தது. லிட்டிலுக்கே சிறுவயதில் வந்த பாதிப்பால் ஒரு பாதம் கோணலாகி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதை மறுத்தவர் யார் என்பது நம் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளைப் பற்றி எழுதுவதற்கு முன்பு அவர் குழந்தைகளின் நரம்பியலில் பேர்பெற்றவர். வியன்னாவில் காசோவிட்ஸ் நடத்திய குழந்தைகள் மருத்துவ நிலையத்தில், காசு கொடுக்க முடியாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைப் பல வருஷம் பார்த்தவர். 1897இல் வெளிவந்த பெரிய நூலில் அவர் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். பிரசவம் கஷ்டமானதால் மூளை சேதமானதா, அல்லது கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால் பிரசவம் கஷ்டமானதா? 1986இல் அமெரிக்காவில் நெல்சன், எல்லன்பெர்க் இருவரும் செய்த பெரிய ஆய்வு, பெரும்பாலான குழந்தைகளிடம் பிரசவ நேர மூச்சுத் திணறல் மட்டும் காரணமாக இல்லை என்று காட்டியபோது ஃப்ராய்டின் சந்தேகம் மறுபடி நினைவுகூரப்பட்டது.

நம் ஊரில் இந்தச் சர்ச்சைக்கு வேறொரு முகம். "பொறந்ததும் கொழந்தை அழலை" என்ற ஒரு வாக்கியத்தை நம் தாய்மார்கள் டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இங்கே அது வெறும் நினைவல்ல. நிறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள்காமாலை, பிறந்த பிறகு வரும் மூளைக்காய்ச்சல் ஆகியவை பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில் அதிகம் காரணமாகின்றன. பணக்கார நாடுகளில் இப்போது ஆயிரம் பிறப்புக்கு சுமார் 1.6 குழந்தைகள் என்றால், ஏழை நாடுகளில் பதிவேடு உள்ள இடங்களில் அது 3.4 வரை போகிறது. இவற்றில் ஒரு பகுதி தடுக்கக்கூடியது. மஞ்சள்காமாலைக்கு நீல வெளிச்சம் காட்டும் வைத்தியம் 1950களின் கடைசியிலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. அது ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

ஆனால் 'அங்கே இருப்பதைக் கொண்டுவந்தால் போதும்' என்று நினைப்பதற்கும் இல்லை. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்ச்சியில் வைத்து மூளையைக் காப்பாற்றும் முறை மேல்நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் இதைச் சோதித்த 'ஹீலிக்ஸ்' ஆய்வு 2021இல் வெளியானது. குளிர்வித்த குழுவில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காத குழுவில் 31 சதவீதம். அங்கே காப்பாற்றிய வைத்தியம் இங்கே காப்பாற்றவில்லை. குழந்தை எந்த உடலிலிருந்து, எந்தக் கர்ப்பத்திலிருந்து, எத்தனை மணிநேரத் தாமதத்திலிருந்து வருகிறது என்பதும் வைத்தியத்தின் பகுதிதான். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் இந்தக் காலத்தில், கேள்வி கட்டிடம் இருக்கிறதா என்பதல்ல. உள்ளே அந்த ஒரு மணிநேரத்தில் என்ன நடக்கிறது என்பது.

3

இரண்டாவது அளவுகோல் 'கால்'. தமிழ்நாட்டில் ஊனத்துக்கான மருத்துவ நிறுவனங்கள் தொழுநோயையும் போலியோவையும் முன்வைத்து வளர்ந்தவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ், 1954 சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. போலியோவுக்கு காலிப்பர், ஊன்றுகோல், மூன்றுசக்கர சைக்கிள். ஊனமுற்றோர் என்றதும் சுவரொட்டியில் வந்த படம் காலிப்பர் போட்ட ஒரு பையன். அவன் நன்றாகப் பேசுவான், பரீட்சை எழுதுவான். கால் மட்டும்தான் பிரச்சினை.

இதனால் பயன் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த உருவம் ஒரு முன்மாதிரியாக இறுகியது. தனக்கென ஒரு கிருமி, ஒரு தடுப்பு மருந்து, ஒரு கருவி, ஒரு முடிவு உள்ள ஊனமே நிர்வாகத்துக்குப் பிடித்த ஊனம். மூளை முடக்குவாதத்துக்கு இந்த நான்கும் இல்லை. காலைச் சரிசெய்தால் கழுத்து நிற்காது, கழுத்து நின்றால் விழுங்க வராது. 2011 ஜனவரியில் ஹௌராவில் இந்தியாவின் கடைசிப் போலியோக் குழந்தை பதிவானது, 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் போலியோவுக்காக வீடுவீடாகப் போய்க் கதவில் சாக்பீஸால் குறியிட்ட அந்த எண்ணும் பழக்கம், உட்கார முடியாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கமாக மாறவில்லை.

4

இந்தக் குழந்தைகளுக்கான அமைப்புகளின் முன்வரிசையில் நின்று கட்டியவர்கள் தாய்மார்கள். மிது அலூர் தன் மகள் மாலினிக்காக இங்கிலாந்துவரை போய்வந்தவர். 1972இல் பம்பாய் கொலாபாவில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். 'மூளை வேலை செய்யாது' என்று சொல்லப்பட்ட மாலினி சிப் பின்னால் ஒரே விரலால் தட்டச்சு செய்து தன் வரலாற்றை எழுதினார். கல்கத்தாவிலும் பெங்களூரிலும் இதேபோன்ற அமைப்புகள் வந்தன. சென்னையில் 1981இல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. 1985இல், இதேபோல ஒரு குழந்தையின் தாயான பூனம் நடராஜன் 3 குழந்தைகளோடு ஆரம்பித்ததுதான் இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர்.

இந்தத் தாய்மார்கள் அரசு விட்ட இடைவெளியை நிரப்பினார்கள் என்று பாராட்டி முடித்துவிடுவது சுலபம். அதிலேயே ஒரு வர்க்க வரைபடம் இருப்பதையும் பார்க்கவேண்டும். லண்டனுக்குப் போய்க் கற்றுவர முடிந்தவர்கள், ஆங்கிலத்தில் நன்கொடை கேட்க முடிந்தவர்கள் கட்டினார்கள். கட்டிய இடங்கள் கோட்டூர்புரம், தரமணி. அரசு தன் பங்குக்குக் கட்டியதும் நகரத்தின் அந்தப் பக்கம்தான்: மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில், கடற்கரைச் சாலையில் வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி எழும்பூரில். மேற்கே பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான பழைய அரசுப் பள்ளி உண்டு. அதற்கும் வானகரத்துக்கும் நடுவே வளர்ந்துகொண்டே போகும் குடியிருப்புகளில் மூளை முடக்குவாதக் குழந்தைக்கு என்ன இருக்கிறது என்றால், பஸ் இருக்கிறது.

பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் தெரபியைப் பற்றிப் பேசுவது பொய். வாரம் இருமுறை கூட்டிவாங்க என்று எழுதிக்கொடுக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, உயரமான படியேறி, கூட்டத்தில் நின்று, இறங்கி மாறி, மறுபடி ஏறி... அந்த அரைமணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் கூலி போகிறது. 2021இல் சாதாரண பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்றானது. ஏறமுடியாத பஸ்ஸில் இலவசம். சென்னைக்குத் தாழ்தள பஸ்கள் கேட்டு நீதிமன்றத்தில் பல வருஷம் வாதாட வேண்டியிருந்தது; 2024 ஆகஸ்டில் ஒரு தொகுதி ஓடத் தொடங்கியது. குழந்தை தெரபிக்கு வருவது நின்றுபோனால் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவது மருத்துவத்தின் சொல்லாடல். அந்த வரிக்குள் போக்குவரத்துக் கழகம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

5

வானகரம், அம்பத்தூர், ஆவடி என்ற இந்தப் பட்டையின் சொந்த வரலாற்றில்தான் மூன்றாவது அளவுகோல் இருக்கிறது: 'கூலி'. 1950களில் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. இந்தப் பகுதி உடலை உழைப்பாகவே அறிந்தது. பிரஸ் மெஷினில் விரல் போவது இங்கே புதிய செய்தி அல்ல. போன விரலுக்குக் கணக்கு உண்டு. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று இருக்கும். உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போடுவது முதலாளித்துவத்தின் கசாப்புக் கணக்கு. ஆனாலும் தொழிலாளி போராடிப் பெற்ற கணக்கு அது.

அந்தச் சதவீதத்தின் வாடை ஊனச் சான்றிதழில் இன்னும் வீசுகிறது. 1995ஆம் வருஷச் சட்டம் மூளை முடக்குவாதத்தை 'கைகால் இயக்கக் குறைபாடு' என்ற தலைப்புக்குள் வைத்தது. 2016ஆம் வருஷச் சட்டம் 21 வகைகளை ஏற்றபோதும் அதே தலைப்புக்குள்தான் வைத்தது. சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு குழந்தைக்கு இழப்பதற்குக் கூலி இல்லை, துண்டித்துப்போன உறுப்பும் இல்லை. கை இருக்கிறது, சொன்ன இடத்துக்குப் போவதில்லை. வாய் இருக்கிறது, சோறு நிற்பதில்லை. எதன் சதவீதம் இது? அசைவை மட்டும் அளந்தால் விழுங்குதல் விடுபடும், வலிப்பு விடுபடும், இரவில் நாலுதரம் எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டியது விடுபடும். கடைசியில் சொன்னது குழந்தையின் உடலில் இல்லவே இல்லை. அது இன்னொருவரின் தூக்கத்தில் இருக்கிறது.

6

நான்காவது அளவுகோல் 'தட்டு'. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் என்பதாலேயே இதைக் கறாராகப் பேசவேண்டியிருக்கிறது. 1975 அக்டோபரில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. தமிழ்நாட்டு ஏழைக் குழந்தையின் எலும்பில் சதை பிடித்தது இவற்றால். இந்த வரிசையில் மூளை முடக்குவாதக் குழந்தை எங்கே?

மிது அலூர் தன் ஆய்வில் அங்கன்வாடித் திட்டத்தை எடுத்துக்கொண்டு காட்டியது இதைத்தான். 'எல்லாக் குழந்தைகளும்' என்று கொள்கை சொல்கிறது, ஊனமுள்ள குழந்தை வரக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் வரவில்லை. தடுப்பதற்கு விதி தேவைப்படவில்லை. யோசிக்காமல் விட்டாலே போதும்.

தட்டில் சோறும் முட்டையும் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு மெல்ல வராது, நாக்கு உணவை வெளியே தள்ளிவிடும். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணிநேரத்துக்கு மேல் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், அதிலிருந்து வரும் நிமோனியா பல குழந்தைகளைக் கொண்டுபோகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, தாடை கொஞ்சம் கீழே பார்க்க, குழைவாகப் பிசைந்ததைச் சின்ன ஸ்பூனில் கொடுக்கவேண்டும். இதற்கு விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். முதுகுக்கு மூலை கொடுக்கும் ஒரு மரநாற்காலி போதும். வானகரம் பக்கம் எந்தத் தச்சுப் பட்டறையிலும் அதைச் செய்யலாம், நிற்கவைக்கும் சட்டத்தை எந்த வெல்டிங் ஷெட்டிலும் பற்றவைக்கலாம். சைக்கிளும் டாங்கியும் செய்த பட்டையில் இரும்புக்கு எப்படி வளக்குறைவு வரும்? குறைவாக இருப்பது அளவெடுக்கத் தெரிந்த ஒரு ஆளும், ஒரு மணிநேரம் ஊட்டுவதற்குச் சம்பளமும்.

7

இந்த இடத்தில் 'வீடு' என்ற தீர்வு வந்து நிற்கிறது. 1978 ஆல்மா ஆட்டா பிரகடனத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற கருத்தை முன்வைத்தது. ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் போவார், குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பார். மெக்சிக்கோ மலைக் கிராமத்து அனுபவத்திலிருந்து டேவிட் வெர்னர் 1987இல் கிராமத்து ஊனக் குழந்தைகளுக்கான பெரிய கையேட்டைக் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவில் 'ஹம்பிசேலா' என்ற தாய்மார் பயிற்சி உருவாகி, பின்னால் வங்கதேசத்தில் வேறு வடிவம் எடுத்தது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது.

இன்றைய ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. தெரபிஸ்ட் மேஜையில் படுக்கவைத்துக் கையைக் காலை இழுத்துவிடுவதைவிட, ஸ்பூனைப் பிடிப்பது, பாயிலிருந்து எழுவது போன்ற தனக்கு வேண்டிய காரியத்தைக் குழந்தை தானே திரும்பத் திரும்பச் செய்து பழகுவதே பலன் தருகிறது என்று ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழுவினர் 2013இலும் பிறகும் தொகுத்துக் காட்டினார்கள். ஏழை வீட்டிலும் செய்யக்கூடியதே சிறந்த வைத்தியம் என்று விஞ்ஞானம் சொல்வது நல்ல செய்தி.

ஆனால் அரசு 'வீடு' என்று சொல்லும்போது கொஞ்சம் நின்று கேட்கவேண்டும். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று தேர்வுரிமை கொடுத்தது. படிக்கட்டு உள்ள பள்ளி, கழிப்பறைக்குத் தூக்கிப்போக ஆள் இல்லாத பள்ளி, இதற்கு எதிரில் வீடு. இதைத் தேர்வு என்று சொல்லலாமா? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத் திட்டம் கேட்பதில்லை. 'குடும்பம்' என்று ஆண்பால் பெண்பால் இல்லாத சொல் போடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே ஒரு பொம்பளை. வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கம்பெனியில் பேக்கிங் செய்துகொண்டிருந்தவர், இப்போது எங்கும் போகமுடியாதவர். சில வீடுகளில் 'உன் வயித்துலதான் கோளாறு' என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பவர். லிட்டிலும் ஃப்ராய்டும் விவாதித்த காரணம் இவர் காதில் இப்படி வந்து விழுகிறது.

8

பணம் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1999ஆம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' காப்பீடு. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 1,500இலிருந்து 2,000 ரூபாய் ஆனது. உலக வங்கி உதவியோடு 1,763 கோடி ரூபாய் மதிப்பில் 'உரிமைகள்' திட்டம் வந்திருக்கிறது. வட்டாரத்துக்கொரு சேவை மையம், வீட்டுக்கு வரும் பணியாளர் என்று அது பேசுகிறது. சேவையை வாசலுக்குக் கொண்டுவருவது என்ற திசை சரியானது.

அதன் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை மையம், எத்தனை வண்டி, எத்தனை பயனாளி என்று அளந்தால் பழைய அளவுகோல்களோடு ஐந்தாவது ஒன்று சேரும், அவ்வளவுதான். 2016ஆம் வருஷச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்ற ஒன்றைப் பேசுகிறது. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய். தமிழ்நாட்டில் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். தொகை கேலிக்குரியது, கொள்கை அப்படியல்ல. தூக்குவது, ஊட்டுவது, புரட்டுவது, துடைப்பது வேலை என்று ஒரு அரசாணை முதல்முறையாக ஒத்துக்கொண்டிருக்கிறது. வேலை என்று ஒத்துக்கொண்டால் வேலைநேரம், விடுப்பு, மாற்று ஆள், ஓய்வூதியம், முதுகுவலிக்கு மருத்துவம் எல்லாம் பின்னாலேயே வந்தாகவேண்டும். அம்பத்தூர் தொழிலாளி விரலுக்குக் கேட்டு வாங்கியதை வானகரத்துத் தாய் முதுகுக்குக் கேட்பதில் என்ன தவறு?

தாய்க்குப் பிறகு யார் என்ற கேள்வியைப் பெற்றோர் கூட்டங்களில் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். 'எனக்கு முன்னாடி அவன் போயிடணும்' என்று ஒரு தாயைச் சொல்லவைக்கும் சமூகம் தன்னை வளம் குறைந்தது என்று சொல்லிக்கொள்வது வசதியான பொய். வளம் என்பதில் அவருடைய உழைப்பையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும். இத்தனை காலம் யாருடைய வளத்தைக் கொண்டு இந்தக் குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள் என்பது அப்போது கணக்கில் தெரிந்துவிடும்.